மூன்றாம் படியில் கிடைத்த சிப்பி

லே துறைமுகத்திலிருந்து சியாலும் என்ற ஊரின் கரைக்குப் படகில் ஏழு மணி நேரம். என் பையில் ஆய்வகத் தாள் ஒன்று இருந்தது. அதிலிருந்த எண்ணைப் பத்து நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கரையில் பவளப்பாறை படிப்படியாக மலையேறுகிறது. நிலம் எழும்ப எழும்ப, பழைய கடல்தளங்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளியாகிவிட்டன. மூன்றாம் படியில் ஒரு லட்சம் ஆண்டுக்கு முந்தைய ராட்சதச் சிப்பிகள் கிடைக்கும். குறுக்கே அறுத்தால் மரத்தில் இருப்பது போல வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் துளையிட்டு, தூளைச் சோதித்தால், அந்த ஆண்டு கடல் எவ்வளவு சூடு, மழை பெய்ததா பொய்த்ததா என்று தெரியும். அதுதான் என் வேலை.

ஆனால் சிப்பி கிடைத்த இடத்திலேயே வாழ்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு ஓடும் மூடி, ஓடுகளை இணைக்கும் கீல் கீழே இருந்தால் நம்பலாம். அப்படி ஒன்றை என் மனைவி நேலின் ஜூன் மாதம் தோண்டி எடுத்தாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ஜூலையில் பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் இறந்தது.

நேலின் அந்த ஊர்ப் பெண். ஆறு வயதிலேயே விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டவள். அவர்கள் வழக்கப்படி அவளுடைய அண்ணன் பெயரை நான் சொல்லக்கூடாது, எழுதவும் கூடாது. மச்சான் என்றே சொல்கிறேன். நவம்பரில் அவர் ஆள் அனுப்பினார். சிப்பியின் வயதைத் தெரிந்துகொண்டு உடனே வரச் சொன்னார்.

காரணத்தைப் படகுக்காரர் வழியில் சொன்னார். பக்கத்துக் குலத்தின் கமுங் என்ற கிழவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூனியம் வைத்து நேலினைக் கொன்றார் என்று பேச்சு. இரண்டு குலத்து நிலத்துக்கும் நடுவே முன்பு ஒரு சிப்பியைப் புதைத்து எல்லை வைத்திருந்தார்களாம். அந்த இடத்தை ஆண்களுக்கு மட்டும்தான் காட்டுவார்கள். என் மாமனார் மகனுக்குக் காட்டாமலே இறந்துவிட்டார். தெரிந்தவர் கமுங் ஒருவர்தான், அவர் வாய் திறக்கவில்லை. நேலின் எடுத்தது எல்லைச் சிப்பி என்றால் அவருக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. பழஞ்சிப்பி என்றால் இல்லை.

ஆய்வகத் தாளில் வயது ஐம்பது ஆண்டுக்கும் குறைவு. அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் கடலில் கலந்த கதிரியக்கக் கரி அந்த ஓட்டில் இருந்தது.

தேவாலயத்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கமுங்கை ஒரு தூணில் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"வாங்க படிச்சவரே," என்றார் மச்சான். "அஞ்சு மாசமா மிஷினைக் கேட்டுட்டே இருந்தீங்களா, இல்ல அதுவும் லீவுல போயிடுச்சா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஒரே கேள்வி," என்றார் மச்சான். "அது தானா இருந்ததா, மனுஷன் வச்சதா?"

"தானா இருந்தது. ஒரு லட்சம் வருஷம்," என்றேன்.

"லட்சம்னா எத்தனை தலைமுறை?" என்று ஒருவர் கேட்டார்.

"நாலாயிரம்," என்றேன்.

அவர்கள் வெகுநேரம் தங்களுக்குள் பேசினார்கள். யாரும் தாளைக் கேட்கவில்லை. என் படிப்பின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. கடைசியில் மச்சான் எழுந்து என் எதிரே வந்து நின்றார்.

"சரி, இவன் இல்ல. அப்போ என் தங்கச்சி ஏன் செத்தா?"

யாரையாவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேறொரு கிழவரைத் தேடுவார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். ஜூன் கடைசியில் நகரத்து மருத்துவமனைக்குப் படகு வந்தது. இன்னொரு சிப்பி கிடைக்கட்டும், அடுத்த படகில் போகலாம் என்று நான் அவளை நிறுத்தினேன். அதற்குப் பிறகு காற்று எழுந்தது. மூன்று வாரம் ஒரு படகும் கிளம்பவில்லை.

"நான்தான் போக விடல," என்றேன்.

மச்சான் அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசியிருந்தார்.

"நீ இன்னிக்கே போ. அவ கல்லறைப் பக்கம் போகாதே."

கமுங்கின் கட்டை அவிழ்த்தார்கள்.

படகுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது கமுங் கரைக்கு வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"மருமகனே, அது எங்க சிப்பி. நானும் உன் மாமனாரும் சேர்ந்து நட்டோம். கடல்ல எப்படி இருக்குமோ அப்படியே, கீலைக் கீழ வச்சு. அப்போதான் நகராதுன்னு வச்சோம். திருப்பிக் கொடு."

"அறுத்துட்டேன் பெரியவரே."

"எத்தனை துண்டு?"

"பதினொண்ணு."

"அவ எங்க தோண்டினாள்னு எனக்குத் தெரியும். வேற ஒண்ணு கொண்டுபோய் நட்டுடறேன்."

"நட்டா, அவ எடுத்தது எல்லைச் சிப்பின்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். உங்களை மறுபடி கட்டுவாங்க."

அவர் தலையாட்டினார். புரிந்துவிட்டது.

"அடுத்த மழைக்கு உன் மச்சான் ஆளுங்க எங்க நிலத்துல கிழங்கு நடுவாங்க. எல்லைன்னு நான் எதைக் காட்டறது?"

படகு கிளம்பும் வரை அவர் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றார்.