அட்டை போட்ட நாவல்

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணாமலை நகர் வீட்டில் மிக்சி சத்தம்கூட இல்லை. காப்பியோடு கூடத்துக்கு வந்த சத்யப்பிரியாவுக்குப் பகீரென்றது. அவள் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு வடிவமைத்த நாவல், காக்கித்தாள் உறைக்குள் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் மாதிரி மேசைமேல் கிடந்தது. லேபிள் வேறு ஒட்டியிருந்தது!

"யாரு மாமா இந்த வேலையப் பண்ணது?"

"நான்தான்" என்றான் கணவன் இளவரசு, பெருமையாக. கடலூர்க் கம்பெனியில் வாரம் முழுக்க வேலை, நேற்றுதான் வந்திருந்தான். "'அட்டை போட்டது நான்தான்'னு போன்ல சொன்ன. வந்து பாத்தா மொட்டையா கெடக்குது. மறந்துட்டபோலன்னு ராத்திரி தூக்கக் கலக்கத்துல, சரியாக்கூடப் பாக்காம நானே போட்டுட்டேன்."

அடப்பாவி மனுஷா! அவள் சொன்ன அட்டை வேறு, இவன் போட்ட அட்டை வேறு. ஊரே பாராட்டி என்ன, இவன் ஒருவன் பார்க்க வேண்டுமென்றுதானே இழைத்து இழைத்துச் செய்தாள்? சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

"பிரிச்சுப் பாருங்க" என்றாள். குரல் உடைந்தது.

அவன் பயந்துபோய் டேப்பை நகத்தால் மெல்லக் கீறினான். கருநீலத் துணி அட்டை. அதில் அலைகள் புடைத்து நின்றன. தடவிப் பார்த்தவன் விரலை எடுக்கவே இல்லை.

"யம்மா... கையில வந்து மோதுதுடி!"

உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு குட்டிப் படகு. கட்டைவிரலால் சரசரவென்று பக்கங்களை விட்டான். படகு நகர்ந்தது! பச்சைப் படகு, மஞ்சள் கோடு. தேவனாம்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத அவன் அப்பாவின் படகுக்கு அதே நிறம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்லியிருந்தான்.

அவன் முகம் மாறியது. பாதிப் புத்தகத்தில் படகு புள்ளியாகி மறைந்தது. அடுத்த பக்கத்தில் வெறும் கடல். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க மாமா."

ஒவ்வொரு தாளாக விட்டான். வெறும் கடல், வெறும் கடல். பிறகு ஒரு பச்சைப் புள்ளி. அது வளர்ந்தது. கடைசிப் பக்கத்தில் படகு கரையேறி நின்றது.

"வந்துடுச்சு சத்யா" என்றான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. அவன் முதல் பக்கத்தைத் திறந்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தான்.