நாலு நிமிட டேப்பும் ஒரு பேரீச்சம்பழமும்

சின்ன நாடகக் கம்பெனிக்காரர்கள் வெளியூர் நடிகர்களை ஹோட்டலில் தங்கவைக்க மாட்டார்கள். கட்டுப்படியாகாது. பக்கத்து ஊர்களில் காலி அறை உள்ள குடும்பங்களைக் கேட்பார்கள். 2006 செப்டம்பரில் பிரின்ஸ்டன் பக்கத்துத் தியேட்டர் ஒன்று அப்படிக் கேட்டபோது, மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டைக் கொடுத்தோம். வந்து இறங்கியவள் ஷோனா மக்ரே. ஸ்காட்லாந்தில் டண்டீக்காரி, இருபத்திரண்டு வயது. அவளுக்கு அமெரிக்காவில் முதல் நாடகம் அது. வேலைக்காரி வேடம். மொத்தம் நாலு வசனம், அதில் ஒன்று "வண்டி வந்துவிட்டது."

"அந்த ஒண்ணை நல்லா சொல்லிடு, போதும்" என்றாள் என் மனைவி ஷரீபா. ஷோனா அன்று முதல் வீட்டுக்கு எது வந்தாலும் அறிவித்தாள். குப்பை வண்டி, ஸ்கூல் பஸ், என் மைத்துனன், எல்லாவற்றுக்கும் அதே வசனம்.

ரமலான் பிறந்த பத்தாம் நாள் லண்டனிலிருந்து மெயில் வந்தது. ஒரு சினிமா. மீனவர் வீட்டுப் பெண், கதையின் நாயகி. நாலு நிமிடக் காட்சியை நடித்து, வீடியோ டிஸ்க்கில் அனுப்ப வேண்டும். டிஸ்க் திங்கள் காலை அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் வியாழன் இரவு எட்டு மணிக்குள் ரூட் ஒன்று நெடுஞ்சாலையில் இருக்கும் கூரியர் கடையில் அது சேர வேண்டும். மெயில் வந்தது புதன் மாலை.

"இது கிடைக்கலேன்னா?" என்று கேட்டேன்.

"நாடகம் இந்த மாசத்தோட முடியுது. திரும்பப் போய் போன் கம்பெனியில புகார் கேட்பேன்" என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். அந்த வேகத்தில் அதை எழுத என்னால் ஆகாது, அதனால் தமிழில் தருகிறேன்.

இந்த ஆடிஷன் டேப் எப்படி எடுப்பது என்று சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. நடிப்பவர் மட்டும் படத்தில் இருப்பார். எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தை வேறொருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, உணர்ச்சியே இல்லாமல் படிக்க வேண்டும். அவர் முகமும் தெரியக் கூடாது, நகமும் தெரியக் கூடாது. காட்சியில் எதிரே நிற்பது அம்மா. அந்த வசனம் ஷரீபாவுக்கு. மருந்துக்கடையில் வேலை செய்பவள். டாக்டரின் கையெழுத்தையே படிப்பவளுக்கு இது எம்மாத்திரம்?

கதை இதுதான். வீட்டை விட்டு ஓடிய மகள் இரண்டு நாள் பட்டினி கிடந்து திரும்பி வருகிறாள். அம்மா சாப்பிடச் சொல்கிறாள். மகள் ரோஷத்தோடு "எனக்குப் பசியில்லை" என்கிறாள். அந்தப் பொய்தான் காட்சியின் உயிர். அது சரியாக வர வேண்டும் என்பதற்காக ஷோனா வியாழக்கிழமை முழுக்கச் சாப்பிடாமல் இருக்க முடிவு செய்தாள். விடியுமுன் எங்களோடு உட்கார்ந்து சஹர் சாப்பிட்டதோடு சரி. ஷரீபாவின் கணக்கில் அது நோன்பு. "புள்ள நிய்யத்து வெக்கலியே தவிர, மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்றாள். நோன்பு வைக்கிறேன் என்று மனதில் உறுதி எடுப்பதுதான் நிய்யத்து.

மாலை ஐந்தரைக்கு ஷோனா ஒத்திகையிலிருந்து வந்தாள். ஏழரைக்கு நாடகம். நடிகர்கள் அரை மணி நேரம் முன்னால் தியேட்டரில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மாற்று ஆள் மேடையேறிவிடுவார். அங்கே போக இருபது நிமிடம். ஆறு நாற்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

நான் ஒலியை ஒழுங்கு செய்தேன். காது கேட்காமல் விடுகிற சத்தத்தையெல்லாம் மைக் கேட்டுவிடும். போன் ஒயரைப் பிடுங்கினேன். துணி டிரையரை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜையும் அணைத்தேன். அணைத்த ஃப்ரிட்ஜ் மறந்துபோகும் என்பதால் கார் சாவியை அதற்குள் வைத்தேன். சாவி எடுக்கும்போது ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும் அல்லவா? எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

முதல் டேக்கில் ஷரீபா அழுதுவிட்டாள்.

"உம்மா, யூ ஆர் நாட் த ஹீரோயின்" என்றாள் என் மகள் ஹஃப்சா. ஒன்பது வயது, டார்ச் லைட் பிடிக்கும் பொறுப்பு.

"பெத்தவ அழ மாட்டாளா? என்னடி பேசுற?"

இரண்டாவது டேக்கில் ஷரீபா அழவில்லை. ஆனால் "எங்கே போயிருந்தாய்?" என்று எழுதியிருந்த இடத்தில் அவளாக இரண்டு கேள்வி சேர்த்துக்கொண்டாள்: யாரோடு போனாய், போன் எதற்கு வைத்திருக்கிறாய்? கதை நடப்பது 1911இல். ஷோனா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஆறு இருபத்தெட்டு. "கடைசி டேக். ஆன்ட்டி, மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி படிங்க" என்று கெஞ்சினாள் ஷோனா.

இந்த முறை எல்லாம் அமைந்தது. ஷரீபா மாத்திரை அளவு சொல்வதுபோலப் படித்தாள். ஷோனாவின் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நிஜமாகவே இரண்டு நாள் பட்டினி கிடந்தவளாக இருந்தது. "எனக்குப் பசியில்லை" வசனத்துக்கு இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி.

ஹாலில் இருந்த மசூதி வடிவக் கடிகாரம் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

போன், டிரையர், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்தேன். தினமும் ஐந்து வேளை கேட்கிற அந்தக் கடிகாரம் என் நினைவிலேயே வரவில்லை. அது போதாதென்று ஷரீபாவின் கை நீண்டது. நோன்பு திறக்கும் நேரத்தில் எதிரே பட்டினியோடு ஒருவர் இருக்க, தான் முதலில் வாயில் வைப்பவள் அல்ல அவள். மேசையில் தயாராக இருந்த தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, பச்சை வளையல் குலுங்க, கேமராவுக்கு முன்னால் போய், ஷோனாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். தாளைப் பார்க்காமல், தமிழில், "சாப்பிடு" என்றாள்.

ஷோனா நிறுத்தவில்லை. பழத்தைப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் முட்ட, மென்றுகொண்டே சொன்னாள்: "எனக்குப் பசியில்லை."

டார்ச் விழுந்தது. "வாப்பா, கட்! கட்!" என்றாள் ஹஃப்சா.

"அல்லாவே, நான் என்ன பண்ணிட்டேன்!" ஷரீபா தலையில் கைவைத்தாள். "புள்ளயோட வாழ்க்கையையே கெடுத்துட்டேனே. இன்னொண்ணு எடுங்க!"

மணி ஆறு முப்பத்தாறு. நேரமில்லை. அதோடு கார் சாவியையும் காணவில்லை. சோபாவைப் புரட்டினோம், என் சட்டைகளைத் தேடினோம். "யார் கடைசியா எடுத்தா?" என்று நான் கத்தினேன்.

"யூ புட் இட் இன் த ஃப்ரிட்ஜ், வாப்பா."

குளிர்ந்த சாவியோடு ஷரீபா ஓடினாள். அவள் பின்னாலேயே ஓடிய ஷோனாவின் கையில் நோன்புக் கஞ்சி டம்ளர். வாசலில் திரும்பி, "இருக்கிறதை அனுப்புங்க அங்கிள். வேற இல்லையே" என்றாள். பிறகு, பழக்கம் விடுமா, "வண்டி வந்துவிட்டது!"

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அமெரிக்க வீடியோவில் வினாடிக்கு முப்பது படம். இங்கிலாந்தில் இந்தியாவைப் போலவே இருபத்தைந்து. மாற்றாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஹஃப்சாவின் பிறந்தநாள் டேப் மேலப்பாளையத்தில் என் தம்பி வீட்டு டிவியில் கறுப்பு வெள்ளையாக உருண்டிருக்கிறது. மாற்றுவதற்கு நாற்பது நிமிடம். அதற்கு முன் கடைசி முக்கால் நிமிடத்தை வெட்டிவிடலாமா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பாங்கு, வளையல், கை, பழம், பொய். மறுபடி ஓட்டினேன். அடுப்படிக்குப் போய் நானும் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வந்து, எதையும் வெட்டாமல் மாற்றும் பட்டனை அழுத்தினேன். ஏழு இருபத்தைந்துக்கு ஷரீபா காரோடு திரும்பினாள். ஏழு ஐம்பத்திரண்டுக்கு டிஸ்க் கூரியர்காரர் கையில் இருந்தது.

அடுத்த புதன்கிழமை பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு அலறல். தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதென்று நான் குறடோடு ஓடினேன். ஷோனா கட்டில்மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். டைரக்டரே எழுதியிருந்தார். நாடகம் முடிந்ததும் லண்டனுக்கு நேரில் வர வேண்டும், டிக்கெட் அவர்களுடையது. கீழே இன்னொரு வரி: அந்தப் பழத்தைக் கொடுக்கச் சொல்லி உனக்கு யார் யோசனை சொன்னது?

"யோசனையாம்" என்றாள் ஷரீபா. முகமெல்லாம் சிரிப்பு. "பசிச்ச புள்ளைக்குக் குடுக்க டைரக்டர் வந்து சொல்லணுமாக்கும்?"

டிசம்பரில் லண்டனிலிருந்து ஷோனாவின் போன் வந்தது. வேடம் அவளுக்கே. படப்பிடிப்பு மார்ச்சில். அந்தக் காட்சியை மாற்றி எழுதியிருக்கிறார்களாம்: அம்மா ஒன்றும் பேசாமல் மகளின் கையில் ஒரு ரொட்டித் துண்டை வைத்து அழுத்துகிறாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். ஹஃப்சா சோபாவில் ஏறிக் குதித்தாள்.

ஷரீபா போனருகே குனிந்தாள். "அந்த அம்மாவா யார் ஆக்ட் பண்றாங்க?"

பெரிய நடிகை, மேடையிலேயே முப்பது வருஷம் என்றாள் ஷோனா.

"நல்லா பண்ணுவாங்களா?"

"உங்க டேப்பைப் போட்டுப் பார்த்துத்தான் பழகிட்டு இருக்காங்க, ஆன்ட்டி."

ஷரீபா கையை உயர்த்தி வளையலைப் போனுக்குப் பக்கத்தில் ஒருமுறை குலுக்கினாள்.

"இந்தச் சத்தம் முக்கியம்னு சொல்லு."