உட்காரும் சட்டம்

அந்தக் கடையில் உட்காருவதற்கும் படுப்பதற்கும் உள்ள சாமான்தான் முக்கால்வாசி விற்பனை. கீழ்த்தளம் முழுக்க சோபா, நடுத்தளத்தில் நாற்காலி, மாடியில் கட்டிலும் மெத்தையும், ஒரு மூலையில் கொஞ்சம் கண்ணாடி பீரோவும். ஆனால் வேலை பார்க்கிறவர்கள் எதிலும் உட்காரக் கூடாது. ஷட்டர் ஏறினதிலிருந்து இறங்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் வியாபாரம் படுத்துவிட்டது என்று வாடிக்கையாளருக்குத் தோன்றிவிடுமாம். முதலாளியின் கண்டுபிடிப்பு அது.

சோபாப் பகுதியில் நின்றவளை எல்லோரும் சோபாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலமானால் அவள் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்துவிடும். அந்த நிலையிலும் சிரித்த முகமாக, "உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மனசு வராதுங்க!" என்று பாடம் ஒப்பிப்பாள்.

ஒருநாள் மதியம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு எந்த சோபாவானாலும் சரி, சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும். மனைவி லேசில் மசிகிற ஆள் இல்லை.

"எழுந்திரிக்க மனசு வராதுன்னு சொல்றீங்களே, நீங்க உட்கார்ந்து பாத்தீங்களா?"

"இல்லைங்க," என்று உண்மை சோபாக்காவின் வாயிலிருந்து நழுவி விழுந்தது. "எங்களை உட்கார விடமாட்டாங்க."

"இது நல்லா இருக்கே! அப்ப இப்ப உட்காருங்க. நீங்க உட்கார்ந்து சொன்னாத்தான் நான் வாங்குவேன்."

சோபாக்கா மேற்பார்வையாளரைப் பார்த்தாள். கழுத்தைக்கூடத் திருப்பாமல் நிற்பதால் அவருக்கு 'விறைப்பு' என்று பெயர். ஊழியர் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். வாடிக்கையாளர் சொல்லைத் தட்டக் கூடாது என்பதும் கடைச் சட்டம். இரண்டும் நேருக்கு நேர் மோதியதில் விறைப்புக்கு வியர்த்துவிட்டது. முதலாளிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தலையசைத்தார்.

சோபாக்கா உட்கார்ந்தாள். முதுகு சாய்ந்தது. "ரொம்ப..." என்று ஆரம்பித்தவள் அடுத்த வார்த்தைக்குப் போகவில்லை. குறட்டை கேட்டது.

"இதையே பில் போடுங்க!" என்றாள் அந்த அம்மாள் பரவசமாக.

சாமான் ஏற்றுகிறவர்களுக்குத் தூங்குகிறவளை எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே தூக்கினார்கள். வாசல் தாண்டி நடைபாதைக்கு வந்தபோது வெயில் முகத்தில் அடித்து சோபாக்கா கண் விழித்தாள். தெருவே தன்னை வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், பல்லக்கில் போகிற மகாராணி மாதிரி ஒரு கும்பிடு போட்டாள்.

மறுநாள் முதலாளி அவளைக் கண்ணாடி பீரோப் பகுதிக்கு மாற்றினார். அங்கே உட்கார ஒன்றுமே கிடையாது.

கடை ஆட்கள் கொதித்துப் போனார்கள். மெத்தை விற்கிற அண்ணன் எல்லோரையும் கிடங்குக்குப் பின்னால் கூட்டினார்.

"வேலைய நிறுத்திடுவோம்," என்றார்.

"வேணாம் அண்ணே," என்றாள் சோபாக்கா. "நிறுத்தினா வேற ஆளை வெச்சுக்குவாங்க. நாம வேலைய இன்னும் ஒழுங்கா செய்வோம். வர்றவங்ககிட்ட எல்லாம், 'உட்கார்ந்து காட்டட்டுங்களா?'ன்னு கேப்போம். அவங்க சரின்னா, விறைப்பால என்ன பண்ண முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்த கூட்டத்தில் எல்லோரும் சரி என்றார்கள். சோபாவுக்கு ஒருவர், நாற்காலிக்கு ஒருவர் என்று கடை முழுக்க உட்கார்ந்தாயிற்று. மாடியில் மெத்தை அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். முதலாளி ஓடி வந்து கத்த ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் அதட்டினார்: "ஏங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க. மேல ஒருத்தர் மெத்தை காட்டிட்டிருக்காரு."

பக்கத்துத் துணிக்கடைப் பெண்கள் கேள்விப்பட்டுத் துணி மூட்டைகளின்மேல் உட்கார்ந்தார்கள். பாத்திரக்கடைக்காரர்கள் அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டார்கள். தெரு முழுக்க உட்கார்ந்துவிட்டது. தேர்தல் நெருங்கிய சமயம் வேறு. ஒரு வேட்பாளர் ஆளுக்கொரு ஸ்டூல் தருவதாக வாக்குக் கொடுத்தார். எதிராளி, சாய்மானம் வைத்த ஸ்டூல் என்றார். முன்னவர் விடுவாரா, மெத்தையும் சேர்த்துக்கொண்டார். கைப்பிடி பற்றிப் பேச்சு வருவதற்குள் வாக்குப்பதிவு வந்துவிட்டது.

சட்டமன்றத்தில் 'இருக்கை' என்றால் என்ன என்று நாள்கணக்கில் விவாதம் நடந்தது. கவிழ்த்த வாளி சேருமா, மாடிப்படி சேருமா என்று உறுப்பினர்கள் அவரவர் இருக்கையில் சாய்ந்தபடி சண்டை போட்டார்கள். கடைசியில், ஒவ்வொரு ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது.

முதலாளி சட்டத்துக்கு அடங்கியவர். உடனே இருக்கை வாங்கினார். எல்லாம் பாலர் பள்ளிக் குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. முயல் படம் போட்டது. உயரம் எவ்வளவு என்று சட்டத்தில் இல்லையே! உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொட்டது. சோபாக்கா விடவில்லை, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தொழிலாளர் துறைக்கு மனு அனுப்பினாள்.

சோதனைக்கு வந்த அதிகாரி நல்ல கனத்த சரீரம்.

"இதுல உட்கார முடியாதா? யாரு சொன்னது?" என்று உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. விறைப்பு முன்னாலிருந்து கையைப் பிடிக்க, சோபாக்கா பின்னாலிருந்து முயலைப் பிடித்து இழுத்தாள். அடுத்த திருத்தத்தில், 'வயது வந்தவர் உட்கார்ந்து எழத்தக்க' என்ற சொற்கள் சேர்ந்தன. அந்த 'எழத்தக்க' எதற்கு என்று பின்னால் சட்டம் படித்த பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம்.

நல்ல நாற்காலிகள் வந்த முதல்நாள் ஒருவரும் உட்காரவில்லை. ஏதோ வெட்கம். நாற்காலிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றார்கள். முதலில் உட்கார்ந்தது விறைப்பு. "அப்பாடி!" என்று அவர் விட்ட பெருமூச்சில் இத்தனை வருஷ விறைப்பும் இறங்கிப் போயிற்று. அவருக்கும் கால் வலித்திருக்கும் என்று யாருக்குமே தோன்றியதில்லை.

அன்று வீட்டில் சோபாக்காவின் கணவர் காலை நீட்டியபடி முனகினார். அவர் பஸ் கண்டக்டர்.

"உங்களுக்கு நாற்காலி வந்தாச்சு. எங்க கதி?"

"கேட்டாத்தானே வரும்? உங்க ஆளுங்களைக் கூட்டுங்க, நான் வந்து பேசறேன்."

பணிமனையில் கூட்டம் போட்டார்கள். மேடையில் அவளுக்கென்று நல்ல நாற்காலி. எவ்வளவு வற்புறுத்தியும் அவள் உட்காரவில்லை.

"மன்னிக்கணும், நின்னாத்தான் எனக்குப் பேச்சு வருது," என்று மைக்கைப் பிடித்தாள்.

கண்டக்டர் இருக்கையை பஸ்ஸில் எங்கே வைப்பது என்ற முதல் கேள்வியிலேயே டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் தகராறு மூண்டுவிட்டது. சோபாக்கா கணவரைப் பார்த்து, "டீ சொல்லுங்க, நேரமாகும்போல," என்றாள்.