ஜார்ஜுக்குக் கிடைத்த சமாதானம்

1

இது நானாக எழுத நினைத்த கதை இல்லை, கேட்டு வாங்கியது. புனேயில் தாபோடியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபைக்கு இது ஐம்பதாவது வருடம், விழா மலர் போடுகிறார்கள். அதில் சபையாரில் ஒருவனான ஜார்ஜின் சாட்சி, அதாவது கர்த்தரால் மனம் மாறிய அனுபவம், ஒரு பக்கம் வரவேண்டும், எழுதிக் கொடு என்றது கமிட்டி. சபையில் தமிழ் பேச எல்லோருக்கும் தெரியும், பிசகில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் சத்தியவதி டீச்சர், ஜார்ஜின் அக்கா. நான் கையால் எழுதுவேன், கடையில் தட்டச்சு செய்வார்கள், என் கையெழுத்துப் பிரதியும் புரூஃபும் சேர்ந்து டீச்சரிடம் போய்ச் சிவப்பு மையோடு திரும்பி வரும். இருபது வருடமாக இதுதான் வழக்கம்.

முடிவையும் கமிட்டியே கொடுத்துவிட்டது: வேத வசனத்துக்குக் கீழ்ப்படிந்தேன், பூரண சமாதானம் அடைந்தேன். முடிவு கையில் இருக்கும்போது மீதியை எழுத எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன், வாசகரே. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஜார்ஜ் ஐம்பது வயதிலும் குழந்தை போலச் சிரிப்பார்." உண்மைதான். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்து அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "இருபத்தாறு வருடமாக ஜார்ஜின் நெஞ்சை ஒரு பாரம் அழுத்திக்கொண்டு" [பாரமாவது ஒன்றாவது. கராடியில் பிளாட் வாங்கினான், மகளைக் கட்டிக்கொடுத்தான். படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான்.]

மூன்றாவது: "தன் அக்காவைப் பற்றி அவன் சொன்ன பொய்" [நிறுத்தினேன். மலரில் அக்கா வரக்கூடாதாம்.]

நான்காவது என்னைக் கேட்காமலே கோயிலில் மூன்றாவது பெஞ்சுக்குப் போய்விட்டது. டீச்சர் உட்காரும் இடம் அது. கதையும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

3

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பெஞ்சு பெஞ்சாக எழுந்து பலிபீடத்தின் முன் மண்டியிடப் போவார்கள். மூன்றாவது பெஞ்சின் முறை வரும்போது சத்தியவதி எழமாட்டாள். முழங்காலை ஒருபக்கமாகச் சாய்த்து, உள்ளே இருப்பவருக்கு வழி விடுவாள். (கதைக்குள் வந்தபின் 'அவள்' என்றுதான் வருகிறது. டீச்சர் மன்னிக்க வேண்டும்.)

இருபத்தாறு வருடமாக அவள் அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் கை நீட்டியதில்லை. புதிதாக வந்த ஐடிக்காரர்கள் மூட்டுவலி என்று நினைத்துக்கொள்வார்கள். போதகர் ஒருமுறை வீட்டுக்கே வந்து கேட்டார்.

"ஒருத்தர் மேல குறை இருந்தா மொதல்ல மன்னிக்கணும்னு எழுதிருக்கு ஐயா. எனக்கு இன்னும் மனசு வரல. வராமலே வந்து கை நீட்டுனா அது பொய்லா? ஏற்கெனவே இந்த வீட்டுல பொய் ஜாஸ்தி."

"ஜெபம் பண்ணுங்கம்மா, சமாதானம் வரும்."

"தெனமும்தான் பண்ணுதேன் ஐயா. வந்தபாடில்ல."

அவள் பார்த்திருக்க ஜார்ஜ் பலிபீடத்துக்குப் போவான். திரும்பும்போது முகம் தெளிந்து, அவளைப் பார்த்து அன்பாகத் தலையசைப்பான். அந்தத் தலையசைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வசனத்தை வரி பிசகாமல் மதித்தவள் பட்டினி. வசதிக்கு மதித்தவன் பசியாறி வருகிறான். இதை எந்தக் கமிட்டியிடம் போய்ச் சொல்வது?

4

நடந்தது இதுதான். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை பேசி, சபையில் கல்யாண ஓலை வாசிக்கத் தேதியும் குறித்தாயிற்று. அந்த மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துவிட்டது. அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது: பெண்ணுக்கு வலிப்பு. கல்யாணம் நின்றது. அம்மா அதன்பின் பதினொரு வருடம் சத்தியவதியின் கையால் சாப்பிட்டு உயிரோடிருந்தாள்.

அனுப்பியவன் ஜார்ஜ். அவள் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பது என்று அவன் புலம்பியதைக் கேட்டிருந்தவளுக்கு அது அன்றே தெரிந்துவிட்டது. புனேயில் இந்தியில் படித்தவன், தமிழில் தன் பெயரைத் தாண்டி எழுத வராது. யாரையோ பிடித்து எழுதவைத்தான்.*

* அந்த யாரோ இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஜார்ஜை வில்லனாக்கலாம் என்றால் ஒத்துழைக்கமாட்டேன் என்கிறான். சாட்சி எழுத நான் போனபோது அவல் போஹா தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பேசினான்.

"உபவாச ஜெபத்துல முழங்கால் போட்டு அழுதேம்லே. பாவத்த அறிக்கை பண்ணுன்னு வசனம் சொல்லுது, அப்படியே கீழ்ப்படிஞ்சேன். நெஞ்சு பஞ்சு மாதிரி ஆயிட்டு."

"அக்காட்ட சொன்னியா?"

"அரே தோஸ்த், கர்த்தர்ட்டயே சொல்லியாச்சு. அவரே மன்னிச்சாச்சு. அதுக்கு மேல அக்காட்ட என்ன அப்பீலு?"

அவன் நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே சமாதானம் கிடைத்திருக்கிறது.

5

முடிவுகள். வாசகரே, உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: அடுத்த திருவிருந்தில் சத்தியவதி மன்னித்து எழுகிறாள். கமிட்டிக்குப் பிடிக்கும். எழுதியும் பார்த்தேன். எழுந்தவள் பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிழித்துவிட்டேன்.

இரண்டு: பலிபீடத்துக்குப் போகிற ஜார்ஜுக்கு, முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்கிற வசனம் ஞாபகம் வந்து, மூன்றாவது பெஞ்சின் பக்கம் [கற்பனைக்கும் ஒரு அளவு உண்டு.]

மூன்றாவது கற்பனை இல்லை. போன வாரம் ஒரு சாயங்காலம் மலரின் மற்ற பக்கங்களைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். மேஜையில் வேதாகமம் திறந்திருந்தது. நடுவில் ஒரு நீல இன்லண்ட் லெட்டர், மடிப்புகளில் டேப் ஒட்டியது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல அப்பவே திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள். என் பிரதியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "அப்போ உன் கையெழுத்து இன்னும் அழகா இருந்துச்சு."

பிறகு டீ போட உள்ளே போய்விட்டாள்.

6

அந்த அடிக்குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜார்ஜ் கேட்டது ஒரே ஒரு வரி. ஒரு வரியை யார் நம்புவார்கள் என்று சொன்னவன் நான். கதை எழுதிப் பெயர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்த வயது. வகுப்பில் ஜெபம் நடக்கும்போது டீச்சர் சாய்ந்ததை எழுதினேன். பிள்ளைகள் அலறியதை, பியூன் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்ததை, நுரை துடைத்த சேலைத் தலைப்பு மஞ்சள் நிறம் என்பதை எல்லாம் சேர்த்தேன். அதுதான் என் முதல் கதை. அதற்கப்புறம் நான் எழுதிய எதையும் யாரும் அப்படி நம்பியதில்லை.

அக்கா, யார் எழுதியது என்று தெரியாமல் ஆறு வருடம், முதல் புரூஃப் வந்த நாளிலிருந்து தெரிந்தே இருபது வருடம். என் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தீர்கள். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காருகிறவன் நான். ஒவ்வொரு மாதமும் நீங்கள் முழங்காலைச் சாய்த்து வழி விட்டது எனக்கு. நானும் வெட்கமில்லாமல் தாண்டிப் போய்க் கை நீட்டினேன்.

மன்னித்துவிடுங்கள் என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எழுத்தில் என்னால் எதையும் நம்பவைக்க முடியும், உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். இந்தப் பக்கங்கள் கடைக்குப் போகாது. நானே கொண்டுவந்து கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை நிற்கிறேன். முடிவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். சிவப்பு மையில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், எழுதாமலும் விடுங்கள்.

வருகிற ஞாயிறு திருவிருந்து. நம் பெஞ்சின் முறை வரும்போது நான் எழப்போவதில்லை. நீங்கள் முழங்காலை நகர்த்த வேண்டாம்.