சுவரோர சீட்டு

வீட்டில் இருந்தவர்கள்: முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்த நான். செல்போனில் அக்கா.

அக்கா இருக்கும் ஊருக்கு விமானத்தில் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். பதினான்கு மணி நேரம். நடுவில் எங்கும் நிற்காது. அவள் மகனுக்கு நான்கு வயது. அப்பா அவனைத் திரையில்தான் பார்த்திருக்கிறார். டிக்கெட் ஒன்றா இரண்டா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

அம்மா தயார். அப்பாதான் சிக்கல். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவரால் உட்கார முடியாது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். இரண்டு தடவை பாதி வழியில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். நான் கல்லூரியிலிருந்து பாதியில் இறங்கியவன். அதனால் கிண்டல் செய்வதில்லை.

“பதினாலு மணி நேரமும் ஒரே டிரைவரா?”

“ரெண்டு மூணு பேர் இருப்பாங்கப்பா. மாத்தி மாத்தித் தூங்குவாங்க,” என்றாள் அக்கா.

“தூங்குவானா!”

“இவர நம்பி டிக்கெட் போடாதடி,” என்று அம்மா போனைப் பார்த்துச் சொன்னாள். “ஆகாசத்துல கதவத் தொறன்னு நிப்பாரு.”

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பதினாலு மணி நேரம் இங்கயே உக்காந்து காட்டறேன். அப்புறம் பேசு.”

இரண்டு நாற்காலிகளைச் சுவரை ஒட்டிப் போட்டோம். பின்னால் கட்டில். முன்னால் முழங்கால் இடிக்கும்படி பீரோ. சுவரோரம் அப்பா, வழியை அடைத்துக்கொண்டு நான்.

“பாத்ரூம் போகலாம்பா,” என்றாள் அக்கா. “பக்கத்துல இருக்கறவர கொஞ்சம் வழி விடச் சொன்னா போதும்.”

காலை ஆறு மணிக்கு அம்மா, “கெளம்பியாச்சு,” என்றாள். அப்பாவின் வலது கால் உடனே பிரேக்கைத் தேடியது. ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு தூரம் வந்திருப்போம் என்று கேட்டார். தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்றேன். “அவ்வளவுதானா?” என்றார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் தலை அப்பாவின் தோளில். அவர் சட்டையில் என் எச்சில். அவர் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் அசையவில்லை.

“மணி எட்டு. எறங்கியாச்சு,” என்றாள் அம்மா.

“என்னை எழுப்பியிருக்கலாமே?”

“எழுப்ப வந்தேன். அடிக்கக் கை ஓங்கறாரு. தோள் அசையக் கூடாதுன்னு, சாப்பாட நான்தான் இவருக்கு ஊட்டிவிட்டேன்.” அதைச் சொல்லும்போது இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

“ராத்திரி பூரா முழிச்சவன்,” என்றார் அப்பா. “பின்னாடி ஆள் தூங்கறப்போ நான் என்னிக்குமே சடன் பிரேக் போட்டதில்ல.”

அக்கா கூப்பிட்டாள். “என்னடா, ஒண்ணா ரெண்டா?”

“ரெண்டு,” என்றேன்.

“அத அப்புறம் பேசு. மொதல்ல வழிய விடுடா!” என்றார் அப்பா.

நாற்காலியை இழுத்தேன். மரத்துப்போன காலை உதறி, பீரோவைப் பிடித்து, நடையும் ஓட்டமுமாகப் போனார். பாத்ரூம் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.