இரண்டாவது கிட்டார்

"இன்னிக்கு மேடையில, அந்த ரெண்டாவது கிட்டார் நான் அமைச்சதுன்னு நீங்க சொல்லணும் மாஸ்டர்."

ஒத்திகைக்கு நடுவே அவள் இப்படிக் கேட்டதும் மாமாவின் டிரம் குச்சி அந்தரத்தில் நின்றது. அவளைக் குழுவில் சேர்த்துவிட்ட அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "எதை வேணா கேளு. உன் பேரைச் சொல்லச் சொல்லி மட்டும் அவர்கிட்ட கேக்காதே."

மாஸ்டர் வாசிப்பது ஒரே கிட்டார்தான். காலடியில் கிடக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டி ஒவ்வொரு ஸ்வரத்தோடும் இன்னொரு ஸ்வரத்தைச் சேர்த்துப் பாடும். இரண்டு பேர் வாசிப்பதாக நினைத்துக் கூட்டம் வாய் பிளக்கும். பெட்டியோடு வந்த ஆயத்த அமைப்போ, மாஸ்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டில் மெட்டு திடீரென்று திரும்பும் இடத்தில், சோற்றில் கல் கடிபட்டதுபோல் இடறும். எந்த ஸ்வரத்துக்கு எது துணை என்று காதால் கேட்டுக் கேட்டு, பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக அமைத்தவள் அவள். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், தன் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். பேட்டிகளில் மாஸ்டர் சொல்வது, "எல்லாம் விரல்ல இருக்கு."

"மெஷின் பண்றதுக்கு உன் பேரா?" மாஸ்டர் சிரித்தார். "அப்புறம் பிளக் சொருகறவனும் வந்து நிப்பான்."

"சின்னப் பொண்ணு, விடுங்க மாஸ்டர்," என்று மாமா குழைந்தார். அவளிடம் பல்லைக் கடித்தார். "வாய வச்சுக்கிட்டு சும்மா இரும்மா."

"சும்மா இருந்துதான் மாமா இந்த லட்சணம்."

மாஸ்டர் கம்பியைத் தட்டினார். முதல் வரியிலேயே நாராசம். இரண்டு கிட்டாரும் தெருக்குழாயடியில் சண்டை போட்டன.

"என்னடி பண்ணி வச்ச?"

"நான் தொடவே இல்ல. பாடறவருக்குத் தொண்டை கட்டிருக்குன்னு, காலையில நீங்கதான் எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கினீங்க. பெட்டிக்கு யாரு சொன்னது? அது இன்னும் பழைய சுருதியிலயே துணை தேடுது."

"அதுக்கே தெரியாதா?"

"மெஷின்தானே மாஸ்டர். கேட்டுப் பாருங்க."

மாமா கையெடுத்துக் கும்பிடாத குறை. "சாயங்காலம் கச்சேரிம்மா. என் மூஞ்சிக்காக."

அவள் மண்டியிட்டாள். பெட்டியின் சுருதியை அரை ஸ்வரம் இறக்கினாள். மாஸ்டர் மறுபடி வாசித்தார். திருப்பத்தில்கூட இரண்டு குரலும் பிசிறில்லாமல் கைகோத்துப் போயின. மாமா கண்ணை மூடித் தலையாட்டினார்.

"பாத்தியா?" மாஸ்டர் விரல்களைச் சொடுக்கினார். "விரல் சூடாகல, அவ்வளவுதான்."

மாமா அதற்கும் தலையாட்டினார்.

அவள் இன்னும் மண்டியிட்டபடிதான் இருந்தாள். தான் அமைத்ததைத் திரையில் தேடி எடுத்தாள். அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அந்த அறையில் அவளிடம் அனுமதி கேட்டது அது ஒன்றுதான். அழுத்தினாள். ஆயத்த அமைப்பு பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"விரல் சூடாயிடுச்சுல்ல மாமா, இனி நான் எதுக்கு?"

படியிறங்கும்போது பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. திருப்பம் வரும்வரை அவள் நிற்கவில்லை.