தும்மல் நின்ற அறை

கரிக்கட்டிப் புகைக்கு நான் பயப்படுவது என் கணவர் பியோங்தாலுக்கு எப்போதும் கேலிதான். போன குளிர்காலத்தில் கீழ்த்தெருத் தையல்காரரும் அவர் மனைவியும் படுத்த படுக்கையிலேயே போய்ச் சேர்ந்த பிறகும் கேலிதான். அடுப்புப் புகை தரைக்கு அடியில் ஓடித் தருகிற சூட்டில் படுத்தால்தான் எங்கள் ஊரில் தூக்கம் வரும். அந்தச் சூட்டோடு விஷமும் ஓடுகிறது என்று நினைக்க யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கோ அது மறப்பதே இல்லை.

இந்த வருடம் கொல்லையில் மிளகாய் காய்த்துத் தள்ளிவிட்டது. பாதி நாற்றைப் பிடுங்கிப் போடுங்கள் என்று வசந்தத்திலேயே சொன்னேன், கேட்டால்தானே. எங்கள் ஊர் கொசானில் எல்லார் வீட்டிலும் இதே கதை என்பதால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பழுத்ததை எல்லாம் பறித்து முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டினோம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, விடுகிற வழியாக இல்லை. காய்களின் காம்படியில் பூசணம் எட்டிப் பார்த்தது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட மிளகாய்த்தூள் இல்லையென்றால் வீட்டில் சோறு எப்படி இறங்கும்?

பியோங்தால் பின்னறையைக் காலி செய்து தரை முழுக்க மிளகாயைப் பரப்பினார். குளிர் விட்டதிலிருந்து மூட்டாத அடுப்பில் கரிக்கட்டியை வைத்து, காற்றுவழியை முழுதாகத் திறந்துவிட்டார். அத்தோடு விட்டாரா? ஈரக்காற்று நுழையக்கூடாதென்று ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைக் கிழித்துப் பசைபோட்டு ஒட்டினார்.

"ஏங்க, ஜன்னல மட்டுமாவது விடுங்க. காத்தே இல்லாத மழைநாள்ல புகை மேல போகாம திரும்பி வீட்டுக்குள்ள வரும்னு சொல்றாங்க."

"சொல்றவங்க வீட்டு மிளகாய போய்ப் பாரு. கறுத்துப்போய்க் கெடக்கும்."

"கரி வாசம் வந்தா ஒடனே வெளிய வந்துருவீங்களா?"

"இந்த நெடியில எனக்கு மூக்கு இருக்கான்னே தெரியல. இதுல கரி வாசம் வேறயா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அதன் இடுக்கையும் உள்ளிருந்தே ஒட்டிக்கொண்டார். முழுக்காய் சீக்கிரம் காயாது என்று ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் கீறிப் போடுவதுதான் வேலை. கீறக் கீறத் தும்மல். அவர் தும்மல் சாதாரணத் தும்மல் இல்லை, கல்யாண வீடுகளில் என் மானத்தை வாங்கிய தும்மல். அன்றைக்கு அதுதான் எனக்கு ஒரே தைரியம். வெளியே மரத்தரையில் உட்கார்ந்து மிச்சக் காய்களைத் துடைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டே அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பங்சில் அக்கா குடையோடு வந்தாள்.

"என்னடி மல்சூன், வீட்டுக்குள்ள பீரங்கி வெடிக்குது?"

"மிளகாய் கீறுறாருக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எதுதான் பயமில்ல? தண்ணி குடிக்கவே பயப்படுவ."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தல லேசா வலிக்குது. செத்த நேரம் சாஞ்சிக்கிறேன். தரை இடுப்புக்கு எதமா இருக்கு."

"வெளிய வந்து படுங்க."

"நெடியில வர்ற தலவலிக்கு இவ ஊரக் கூட்டிருவா, பங்சில்."

அக்கா சிரித்தாள். அப்புறம் உப்பு விலை, மருமகள் சண்டை என்று அவள் பேச்சு ஓடியது. எனக்கு எதுவும் ஏறவில்லை. அடுத்த தும்மலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"அக்கா, பேசாத."

கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"தூங்கியிருப்பாருடி."

"இந்த நெடியில எவன்க்கா தூங்குவான்?"

சொல்லும்போதே எழுந்துவிட்டேன். கதவு பசையில் பிடித்துக்கொண்டு வரவில்லை. காலை ஊன்றி இழுத்ததும் தாள் கிழிந்து திறந்தது. மிளகாய்க்கு நடுவில் கிடந்தார், கத்தரிக்கோல் விரலிலேயே மாட்டியிருந்தது. முகம் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. தையல்காரர் முகமும் அப்படித்தான் இருந்ததாம், தூங்குகிற மாதிரி. பங்சில் அக்கா போட்ட அதட்டலில்தான் போய் அவர் காலைப் பிடித்தேன்.

இருவருமாக முற்றத்துச் சேற்றுக்கு, மழைக்கு நடுவே இழுத்துப் போட்டோம். அக்கா முள்ளங்கிக் கிம்ச்சித் தண்ணீர் எடுத்துவர ஓடினாள். கரிப்புகை பட்டவருக்கு எங்கள் ஊரில் எல்லாரும் கொடுப்பது அதுதான். கொண்டுவந்து வாயில் விட்டாள். கடைவாய் வழியாக அப்படியே வழிந்துவிட்டது.

"முழுங்கலடி."

பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. தோளைக் குலுக்கினேன். மிளகாய் தீயுதுங்க, எந்திரிங்க என்று பொய் சொன்னேன். கன்னத்தில் அறைந்தேன், மறுபடி அறைந்தேன். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் கையை வைத்தேன். காலையிலிருந்து மிளகாய் கிள்ளி எரிந்துகொண்டிருந்த கை அது.

அவர் மூக்கு சுருங்கியது. பூனை தும்முவதுபோல ஒரு சின்னத் தும்மல் வந்தது.

கையை எடுக்காமல் மூக்கில் அப்படியே தேய்த்தேன். அடுத்தது என் முகத்திலேயே வெடித்தது. கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி வீட்டைப் பார்த்தார்.

"கதவ சாத்துடி," என்றார் குழறலாக. "ஈரம் ஏறும்."

அப்போதுதான் ஓவென்று அழுதேன்.

வைத்தியசாலையிலிருந்து அவர் திரும்பியபோது மழை விட்டிருந்தது. தப்பித்த காய்களை வெயிலில் போட்டு எடுத்தோம். அவருக்கு அடியில் நசுங்கியதையும் விடாமல் சேர்த்து அரைத்தார், நல்ல காரம் என்று பெருமை வேறு. பின்னறைத் தரைமேல் ஒட்டியிருந்த எண்ணெய்த்தாளை உரித்தபோது அடுப்போரமாக ஒரு வெடிப்பு இருந்தது. சேறு குழைத்துப் பூசிவிட்டார். இனி ஒன்றும் இல்லை என்கிறார்.

இப்போது பனி கொட்டுகிறது. தினமும் அந்தத் தரைச்சூட்டில்தான் படுக்கிறோம், வேறு வழியில்லை. பகலில் அவர் ஏதாவதொரு அறையில் வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தால், மிளகாய்த்தூள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.